டிடி-3 பாஸ் சின்தசைசர்: ஒரு மதிப்பீடு

டிடி-3 என்பது பெரிங்கர் நிறுவனம் 2019ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அனலாக் பாஸ் சின்தசைசர் ஆகும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981 முதல் 1984 வரை தயாரித்த டிபி-303 என்னும் கருவியின் நகலாக இது உருவாக்கப்பட்டது. நகல் என்பதை நிறுவனம் மறைக்கவும் இல்லை. மேலே ஒரே வரிசையில் நிற்கும் திருகுகள், கீழே ஓர் எண்மத்துக்கு மட்டும் போதுமான 13 பொத்தான்கள், சாய்வான சிறு பெட்டி என எல்லாமே பழைய கருவியை நினைவூட்டும்படி அமைந்துள்ளன. ஏறத்தாழ 150 அமெரிக்க டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் பழைய டிபி-303 ஒன்றை வாங்க ஆயிரக்கணக்கான டாலர்கள் தேவைப்பட்டன.

டிடி-3 பற்றி வெளிவந்த பெரும்பாலான விமர்சனங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. இது மூலக்கருவியைப் போலவே ஒலிக்கிறதா? இக்கேள்விக்கு விடை சொல்வது எளிது. அந்த விடையால் பயன் குறைவு. டிபி-303 அடைந்த புகழுக்குக் காரணம் அதன் ஒலி மட்டும் அல்ல. அந்தக் கருவி தன்னைப் பயன்படுத்தியவர்களை ஓயாமல் தவறு செய்ய வைத்தது. அத்தவறுகளிலிருந்து ஒரு புதிய இசைவகை பிறந்தது. ஆகவே அதன் நகலை எடைபோடும்போது, அப்படிப்பட்ட தவறுகளுக்கு இன்னும் அதில் இடமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூலக்கருவியின் வரலாறு

டிபி-303ஐ வடிவமைத்தவர் ரோலண்ட் நிறுவனத்தின் பொறியாளர் தடாவோ கிகுமோட்டோ. பின்னாளில் டிஆர்-909 என்ற தாளக் கருவியை வடிவமைத்தவரும் இவரே. டிபி என்பது டிரான்சிஸ்டர் பாஸ் என்பதன் சுருக்கம். தனியாக அமர்ந்து கிட்டார் பழகும் ஒருவருக்கு, உடன் வாசிக்க ஒரு பாஸ் கிட்டார் கலைஞர் கிடைக்காவிட்டால் இந்தப் பெட்டி துணை செய்யும் என்பதே தயாரிப்பாளர்களின் எண்ணம். தாளத்துக்கு டிஆர்-606 என்ற இன்னொரு சிறிய கருவி அதனுடன் இணையாக விற்கப்பட்டது. மேடைக்கும் பயிற்சிக்கும் எடுத்துச் செல்ல ஏதுவாக மின்கலத்திலும் இயங்கும்படி அதை அமைத்தார்கள்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் கருவியிலிருந்து வந்த ஒலி பாஸ் கிட்டாரைப் போல இல்லை. ஒரு பாடலுக்குரிய வரியை அதில் பதிவு செய்வது பலருக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. சுமார் 10,000 கருவிகள் தயாரான நிலையில் 1984இல் உற்பத்தி நின்றது. கடைகளில் மீந்தவை மலிவாகத் தள்ளப்பட்டன. வாங்கியவர்களும் பழைய பொருள் கடைகளில் விற்றுத் தீர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் அதை முறைப்படி பயன்படுத்தி வெற்றி கண்டவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் ‘ரிப் இட் அப்’ பாடல் 1983இல் பிரித்தானியத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை சென்றது; அதில் கேட்கும் பாஸ் இக்கருவியுடையது.

திருப்பம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வந்தது. டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே ஆகிய மூன்று இளைஞர்கள் ஃபியூச்சர் என்ற பெயரில் இணைந்து இசையமைத்து வந்தனர். அவர்களிடம் பழைய டிபி-303 ஒன்று மலிவாக வந்து சேர்ந்தது. அதில் வரியைப் பதிவு செய்யும் முறை அவர்களுக்குப் பிடிபடவில்லை. உள்ளே ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு வரியை ஓடவிட்டு, திருகுகளை வலமும் இடமுமாகத் திருப்பிப் பார்த்தார்கள். பாஸ் கிட்டாருக்காக ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட வேண்டிய திருகுகள் அவை. ஒலி பிழியப்படுவது போலவும் குமிழியிடுவது போலவும் மாறியது. அதைப் பதிவு செய்து நகரின் மியூசிக் பாக்ஸ் நடன அரங்கில் இசைத்தட்டு இயக்கிய ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் அதை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கச் செய்தார் என்றும், முதல் முறை வெறிச்சோடிய அரங்கு நான்காம் முறை ஆரவாரத்தில் மூழ்கியது என்றும் டிஜே பியர் நினைவுகூர்ந்துள்ளார். அந்த இசை ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற பெயரில் 1987இல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்குப் பெயர் அமைந்தது இவ்வாறே.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மும்பைத் திரையிசையில் பணியாற்றிய சரண்ஜித் சிங் 1982இல் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஜூபிடர்-8 சின்தசைசர், டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளைக் கொண்டு அவர் இந்துஸ்தானி ராகங்களை நடனத் தாளத்தில் அமைத்தார். அன்று அது விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவுக்கு முன்பே அதே ஒலி இங்கே எழுந்திருந்ததைக் கேட்டு உலகெங்கும் வியந்தார்கள். சிலர் இதை வைத்து ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியா என்று எழுதுகிறார்கள், அது மிகை. சிகாகோ இளைஞர்கள் அத்தட்டைக் கேட்டவர்கள் அல்லர். ஒரே கருவி இரண்டு இடங்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் கையில், ஏறத்தாழ ஒரே திசையில் பேசியிருக்கிறது. கருவிக்குள்ளேயே ஏதோ ஒரு சாய்வு இருந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு என்ன என்று தெரிந்தால்தான் நகலை மதிப்பிட முடியும்.

ஒலி பிறக்கும் விதம்

டிபி-303இன் ஒலிச்சுற்று மிகச் சிறியது. அலையியற்றி ஒன்றே ஒன்று. அது ரம்பப்பல் அலை, சதுர அலை ஆகிய இரண்டில் ஒன்றைத் தரும். சதுர அலை தனியாக உருவாக்கப்படுவதில்லை. ரம்பப்பல் அலையையே ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் செலுத்தி வளைத்து எடுக்கிறார்கள். எனவே அது பாடப்புத்தகத்தில் வரையப்படும் சதுரம் போல நேர்த்தியாக இராது. மூலைகள் சற்றுக் கோணலாக இருக்கும். அந்தக் கோணலே அதன் மூக்கொலிக்கு ஒரு காரணம்.

அடுத்து வருவது வடிகட்டி. உயர் அதிர்வெண்களை வெட்டி, தாழ்ந்தவற்றை விடுவது இதன் வேலை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் கட்-ஆஃப் திருகு தீர்மானிக்கிறது. வெட்டும் இடத்தை ஒட்டிய அதிர்வெண்களை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பதை ரெசொனன்ஸ் திருகு தீர்மானிக்கிறது. பள்ளி இயற்பியலில் ஒத்ததிர்வு என்று படிப்பதுதான் இது. வெறும் பானையில் வாய் வைத்துப் பேசினால் சில சுரங்கள் மட்டும் முழங்குவதை நினைத்துக்கொள்ளலாம். இந்த வடிகட்டியில் டிரான்சிஸ்டர்களையே டையோடுகளாக இணைத்து ஏணி போல அடுக்கியிருக்கிறார்கள். நான்கு படிகள் கொண்ட அந்த ஏணியில் ஒரு மின்தேக்கியின் மதிப்பு மற்றவற்றில் பாதியளவே. இதனால் வெட்டு எதிர்பார்க்கும் அளவுக்குச் செங்குத்தாக விழுவதில்லை. வடிகட்டியின் சரிவு 18 டெசிபல் என்று பல கட்டுரைகளில் எழுதப்படுவது இந்தத் தோற்றத்தைக் கண்டுதான். சுற்றில் உள்ள படிகள் நான்கே.

இன்னொன்று, ரெசொனன்ஸ் திருகை முழுவதும் திருப்பினாலும் இந்த வடிகட்டி தானாக ஊளையிடாது. மற்ற பல சின்தசைசர்களில் அந்த நிலையில் வடிகட்டியே ஓர் அலையியற்றியாக மாறிவிடும். இங்கே அது விளிம்பு வரை சென்று நின்றுவிடுகிறது. கேட்பவருக்கு ஏற்படும் ‘இதோ உடையப்போகிறது’ என்ற பதற்றம் இதிலிருந்தே வருகிறது.

டிடி-3 இச்சுற்றை அப்படியே பின்பற்றுகிறது. ஒரே அலையியற்றி, அதே இரண்டு அலைகள், அதே வகை வடிகட்டி, அதே ஆறு ஒலித் திருகுகள். எண்முறைக் கணக்கீட்டால் போலி செய்யாமல் மின்னழுத்தத்தாலேயே ஒலியை உண்டாக்குகிறது. இந்த இடத்தில் ரோலண்ட் நிறுவனத்தையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2014இல் டிபி-3 என்ற கருவியையும் 2016இல் டிபி-03 என்ற கருவியையும் அது வெளியிட்டது. இரண்டும் பழைய சுற்றின் நடத்தையை எண்முறையில் கணக்கிட்டுக் காட்டுபவை. பெற்றவர்கள் கணக்கிட்டுக் காட்ட, அயலார் மின்சுற்றைக் கட்டித் தந்தார்கள் என்பது சற்று விநோதம்தான்.

ஒலி ஒப்பீட்டுக்கு வருவோம். நடுத்தர நிலையில் திருகுகளை வைத்துக் கேட்டால், டிடி-3 எது, மூலம் எது என்று பிரித்தறிவது தேர்ந்த காதுக்கும் கடினம். ரெசொனன்ஸை மேலேற்றும்போது சிலர் வேறுபாடு கேட்கிறார்கள். ஆனால் எந்த மூலத்தோடு வேறுபாடு என்று கேட்க வேண்டும். நாற்பது ஆண்டு வயதான மின்தேக்கிகள் தம் மதிப்பில் நிலைத்திருப்பதில்லை. புதிதாக இருந்தபோதே உதிரிப் பாகங்களின் மதிப்பு சில விழுக்காடு கூடியோ குறைந்தோதான் இருந்தது. உள்ளே சிறு திருகுகளைச் சரிசெய்து அனுப்பிய தொழிலாளியின் கையும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. இரண்டு பழைய டிபி-303களை அருகருகே வைத்தால் அவையே ஒன்றுபோல ஒலிப்பதில்லை. மூலங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் எல்லைக்குள்ளேயே நகலும் நின்றுவிட்டால், அதற்கு மேல் தராசைத் துல்லியமாக்கிப் பயனில்லை. டிடி-3 அந்த எல்லைக்குள் நிற்கிறது.

ஸ்லைடும் ஆக்சென்டும்

சின்தசைசர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வடிகட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். டிபி-303இன் உயிர் அங்கே பாதிதான். மீதிப் பாதி ஸ்லைடு, ஆக்சென்ட் என்ற இரண்டு சிறு வசதிகளில் இருக்கிறது.

ஒரு சுரத்துக்கு ஸ்லைடு கொடுத்தால் அது அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும். கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இதை ஜாரு என்று சொன்னால் உடனே விளங்கும். ஆனால் வீணையில் ஜாருவின் வேகம் வாசிப்பவர் விரலில் இருக்கிறது. இங்கே அது மாறாதது. இரண்டு சுரங்கள் பக்கத்தில் இருந்தாலும், ஓர் எண்மம் தள்ளி இருந்தாலும், வழுக்குவதற்கு எடுக்கும் நேரம் ஒன்றே. ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்கு அளவு. அதனால் பக்கத்துச் சுரத்துக்குப் போகும்போது மெல்ல நழுவும். தொலைவுச் சுரத்துக்குப் போகும்போது பாய்ந்து விழும். வழுக்கும்போது இரண்டாவது சுரம் புதிதாகத் தட்டப்படுவதும் இல்லை. முதல் தட்டின் எச்சத்திலேயே அது ஒலிக்கிறது. சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு இன்றும் உயிரோடு ஒலிப்பதற்குக் காரணம் தேட வேண்டுமானால் இங்கே தேடலாம். விசைப்பலகைக் கருவிகளில் ராகத்தை வாசிப்பதில் உள்ள பெருங்குறை, சுரங்கள் தனித்தனிக் கற்களாக நிற்பது. ஸ்லைடு அக்கற்களுக்கு இடையே கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டது.

ஆக்சென்ட் இதைவிடச் சுவையானது. பெயரைப் பார்த்தால் சுரத்தை அழுத்திச் சொல்வது, அதாவது ஒலியளவைக் கூட்டுவது என்று தோன்றும். அது ஒரு பகுதி மட்டுமே. ஆக்சென்ட் பெற்ற சுரத்தில் வடிகட்டி திறந்து மூடும் வேகம் கூடிவிடும். டிகே திருகு என்ன சொன்னாலும் அந்தச் சுரம் கேட்காது. அத்துடன் வடிகட்டிக்கு ஒரு கூடுதல் உந்துதலும் கிடைக்கும். அந்த உந்துதல் ஒரு மின்தேக்கியின் வழியே வருகிறது. மின்தேக்கி முழுவதும் வடிவதற்குள் அடுத்த ஆக்சென்ட் வந்துவிட்டால் உந்துதல் அதன் மேல் ஏறிக்கொள்ளும். எனவே அடுத்தடுத்து மூன்று சுரங்களுக்கு ஆக்சென்ட் கொடுத்தால் மூன்றும் ஒரே அளவில் ஒலிக்காமல் படிப்படியாக உயரும். யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை. மின்தேக்கியின் சோம்பல் அதைச் செய்கிறது.

ஒலி மென்பொருள்களும் மலிவான போலிகளும் நெடுங்காலம் வழுக்கி விழுந்த இடம் இந்த ஆக்சென்ட். வடிகட்டியைச் சரியாகச் செய்துவிட்டு, ஆக்சென்டை வெறும் ஒலியளவாக விட்டுவிடுவார்கள். கேட்டால் எல்லாம் இருக்கும், எதுவோ இருக்காது. டிடி-3இல் ஆக்சென்டின் ஏற்றம் உள்ளது. அடுத்தடுத்த ஆக்சென்டுகளில் ஒலி ஏறுவதைத் தெளிவாகக் கேட்கலாம். ரெசொனன்ஸ் திருகைக் கூட்டும்போது அந்த ஏற்றத்தின் குணம் மாறுவதையும் கேட்கலாம். இந்த விலையில் இது பெரிய தேர்ச்சி. இந்தக் கருவிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கத் தக்க காரணம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சீக்வென்சர் என்னும் புதிர்

டிபி-303இல் நேரடியாக வாசிக்க முடியாது, வாசித்தாலும் பயனில்லை. 16 படிகள் வரை கொண்ட ஒரு வரியை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிட வேண்டும். அதைப் பதிவு செய்யும் முறைதான் விசித்திரம். முதலில் சுரங்களை மட்டும் வரிசையாக உள்ளிட வேண்டும், நேரம் பற்றிய கவலையே இல்லாமல். பிறகு வேறொரு நிலைக்கு மாறி, எந்தப் படியில் சுரம் ஒலிக்கும், எதில் நீளும், எதில் மௌனம் என்று உள்ளிட வேண்டும். ஒரு பாட்டின் சுரங்களை ஒரு தாளிலும் தாளக் கணக்கை இன்னொரு தாளிலும் எழுதிவிட்டு இரண்டையும் ஒட்டுவது போன்றது இது. நேரக் கணக்கில் ஒரு மௌனம் தவறிப்போனால் அதற்குப் பின்வரும் சுரங்கள் எல்லாம் ஒவ்வொரு இடம் நகர்ந்துவிடும். மனத்தில் இருந்த வரி ஒன்று, கருவியில் ஓடும் வரி வேறொன்று.

கிட்டார்க்காரர்கள் இதனால்தான் அதைக் கைவிட்டார்கள். சிகாகோவில் இதனால்தான் அதைக் கொண்டாடினார்கள். தவறாக நகர்ந்த வரி சில நேரங்களில் நினைத்த வரியைவிட நன்றாக இருந்தது. மின்கலம் தீர்ந்து நினைவகம் குழம்பினால் கருவி தானே ஏதேதோ வரிகளை வைத்துக்கொண்டு நின்றது. எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டாத வரிகள் அவை.

டிடி-3 இந்தப் பதிவு முறையை மாற்றவில்லை. சுரம் தனி, நேரம் தனி. புதிதாக வாங்கும் மாணவர் முதல் நாள் எரிச்சலடைவது உறுதி. இதைக் குறையாகச் சொல்லும் விமர்சனங்கள் பல. இக்காலத்தில் இப்படியா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறான இடத்தில் விழுகிறது. தொடுதிரையில் கட்டங்களை நிரப்பி வரி அமைக்க எத்தனையோ கருவிகள் உள்ளன. இதே சுற்றை வைத்து அப்படி ஒரு கருவி செய்திருந்தால், வடிகட்டியின் ஒலி இருந்திருக்கும். அந்த ஒலியில் பேசும் வரிகள் வந்திரா. நகலெடுத்தவர்கள் இந்தத் தொல்லையையும் சேர்த்து நகலெடுத்தது, எண்ணிச் செய்ததோ எண்ணாமல் செய்ததோ, சரியான முடிவு.

ஆனால் அதே கருவியில் யுஎஸ்பி செருகும் மிடி செருகுகளும் உள்ளன. கணினியோடு இணைத்து, திரையில் சுரங்களை வரைந்து, டிடி-3ஐ வெறும் ஒலிப்பெட்டியாகப் பயன்படுத்திவிடலாம். பெரும்பாலோர் அதையே செய்வார்கள். மனித இயல்பு அப்படி. அப்படிச் செய்யும்போது கருவியின் பாதியை அவர்கள் வாங்கியும் பெறாதவர்களாகிறார்கள். குறைந்தது முதல் ஒரு மாதமாவது கணினிக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவைப்பது நல்லது.

நினைவகத்தில் 250 வரிகளுக்கு இடம் இருக்கிறது, மூலத்தில் 64. மின்சாரம் நின்றாலும் அவை அழிவதில்லை. வசதிதான். பழைய கருவியின் நினைவகக் குழப்பம் மட்டும் இதனால் போய்விட்டது.

சேர்த்தவையும் விட்டவையும்

மூலத்தில் இல்லாத ஒரு பகுதி டிடி-3இன் முகப்பில் இடம்பெற்றுள்ளது. அது டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்து முரடாக்கும் சுற்று. ஆசிட் இசைக்கலைஞர்கள் டிபி-303ஐக் கிட்டாருக்கான மிதிப்பெட்டி வழியாகச் செலுத்திச் சிதைப்பது 1990களில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கருவிக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள். இதற்கு மாதிரியாகக் கொள்ளப்பட்ட டிஎஸ்-1 மிதிப்பெட்டியும் ரோலண்டின் பாஸ் என்ற வணிகப் பெயரில் வந்ததுதான். ஆக, ஒரே பெட்டியில் ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருள்களுக்கு நகல்.

இந்தச் சுற்று கெட்டது அல்ல. ஆனால் தொடக்கநிலையினருக்கு ஆபத்தானது. பொத்தானை அழுத்தியதும் ஒலி பெரிதாகிவிடும், உடனே பிடித்துவிடும். பிறகு அதை அணைக்கவே மனம் வராது. சிதைத்த ஒலியில் ஆக்சென்டின் ஏற்ற இறக்கம் மட்டமாகிவிடும். மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டபின் குழம்பில் புளி எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

வடிகட்டிக்குள் வெளி ஒலியைச் செலுத்த ஒரு செருகு உண்டு, பயனுள்ள சேர்க்கை. 16 கருவிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கூட்டாக இசைக்கலாம் என்றும் விளம்பரத்தில் சொல்கிறார்கள். ஒற்றைச் சுரக் கருவியின் அழகே அதன் ஒற்றைத்தனம். பதினாறு வாங்குபவர் யாரோ.

விடப்பட்டதில் பெரியது மின்கலம். பழைய கருவியில் நான்கு மின்கலங்களைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில்கூட உட்காரலாம். டிடி-3க்குச் சுவர் மின்சாரம் வேண்டும். கையடக்கமாக இருக்கும் ஒரு கருவியைக் கம்பியால் கட்டிப்போட்டது ஏன் என்பதற்குச் செலவைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. பெட்டியும் திருகுகளும் விலைக்கேற்ற தரம். மூலமும் பிளாஸ்டிக் பெட்டிதான் என்பதால் இதில் குறைகூற அதிகம் இல்லை.

நகலெடுப்பதன் நியாயம்

பெரிங்கர் நிறுவனம் ஜெர்மனியில் 1989இல் தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற பழைய கருவிகளைக் குறைந்த விலையில் மறு உருவாக்கம் செய்வதையே இப்போது பெரிய தொழிலாக நடத்துகிறது. அதைப் பாராட்டுவோர் எத்தனை பேரோ, அதே அளவு கண்டிப்போரும் உண்டு. பிறர் உழைப்பில் குளிர்காய்வது என்பது கண்டிப்போர் வாதம். டிபி-303 வடிவமைக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. காப்புரிமைகள் பொதுவாக இருபது ஆண்டுகளில் முடிந்துவிடும். சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே அறம் முடிந்துவிடாது என்பது உண்மைதான்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய மூன்றாம் தரப்பு ஒன்று உள்ளது. ரோலண்ட் கைவிட்ட பின், இந்தச் சுற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஆர்வலர்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் விட்டில் 1993 முதல் பழைய டிபி-303களைத் திறந்து, ‘டெவில் ஃபிஷ்’ என்ற பெயரில் மாற்றங்கள் செய்து தந்தார். சுற்றின் ஒவ்வொரு மூலையையும் ஆராய்ந்து எழுதினார். அமெரிக்கப் பொறியாளர் லிமோர் ஃபிரைட் 2005இல் ‘எக்ஸ்-ஆக்ஸ்-பாக்ஸ்’ என்ற பெயரில், வாங்குபவரே பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும் நகல் ஒன்றை வெளியிட்டார். வரைபடங்கள் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டன. ஸ்லைடின் நேரம், ஆக்சென்டின் ஏற்றம், பாதி மதிப்புள்ள அந்த மின்தேக்கி ஆகியவை இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்திகளாக இருப்பதற்கு இத்தகையவர்கள் உழைத்ததே காரணம். டிடி-3இன் பெட்டியில் கிகுமோட்டோவின் பெயரும் இல்லை; இவர்கள் பெயரும் இல்லை. ஒரு நூலின் மறுபதிப்பில் ஆசிரியர் பெயரை விட்டுவிட்டால் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். மின்சுற்றுக்கும் அந்த வழக்கம் வர வேண்டும். டிடி-3 மீது வைக்கத்தக்க மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுவே. விலை குறைத்தது குற்றம் அல்ல.

விலையைப் பற்றி இன்னொன்று. டிபி-303 பிறருக்குத் தேவைப்படாத, மலிவான பொருளாக இருந்ததால்தான் சிகாகோ இளைஞர்கள் கைக்கு வந்தது. பயமின்றித் திருகிப் பார்க்கவும் முடிந்தது. இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து மூலத்தை வாங்குபவர் அதைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார். திருகு தேய்ந்துவிடுமோ என்ற அச்சத்தோடு தொடும் கையில் அந்த இசை வராது. 150 டாலர் பெட்டியை ஒரு மாணவர் தயக்கமின்றி முறுக்கலாம்.

இந்தக் கருவியைக் கடையிலோ நண்பர் வீட்டிலோ சோதித்துப் பார்க்க விரும்புவோர் இப்படிச் செய்யலாம். டிஸ்டார்ஷனை அணைத்துவிட வேண்டும். ரம்பப்பல் அலையைத் தேர்ந்து, 16 படிகளில் இரண்டே சுரங்களும் அவற்றின் மேல் எண்மமும் வருமாறு ஒரு வரியை உள்ளிட வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தாமல் அப்படியே விடலாம். இரண்டு இடங்களில் ஸ்லைடு, தொடர்ந்து வரும் மூன்று படிகளில் ஆக்சென்ட். ரெசொனன்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு, கட்-ஆஃப் திருகை மட்டும் மிக மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூன்றாவது ஆக்சென்டில் காது நிமிர்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு சதுர அலைக்கு மாற்றி, கட்-ஆஃப் திருகை அதே வேகத்தில் வலக்கோடியிலிருந்து மீண்டும் இடக்கோடிக்குக் கொண்டுவர வேண்டும்.